வாழ்ந்தவர்: மதுரை கண் டாக்டர் வெங்கடசாமி

நம் குடியிருப்பில் சுகர் மாத்திரை போடுபவர்கள் நிறையப் பேர். மாதாமாதம் ரத்தம் கொடுத்து அளவை எழுதி வைப்பவர்கள்கூட கண்ணை மறந்துவிடுகிறோம். அதனால் இந்த இதழில் ஒரு கண் மருத்துவரின் வாழ்க்கை.

எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில், 1918 அக்டோபர் 1 அன்று விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. எழுதப் பழகியது ஆற்று மணலில். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து, 1944-இல் சென்னை ஸ்டான்லியில் மருத்துவப் பட்டம் பெற்றார். சொந்தத்தில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததால், பிரசவ மருத்துவராக வேண்டும் என்பதே அவர் ஆசை.

ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தபோது முடக்குவாதம் வந்தது. 30 வயதில் விரல்கள் கோணிப்போய், பேனா பிடிப்பதே சிரமமாகி, நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். பிரசவம் பார்க்கும் கனவு போனது. எழுந்து நடமாடத் தொடங்கியதும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் கண் மருத்துவம் படித்தார். (நம் அத்திப்பட்டிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போனால் பக்கம்தான். 1819-இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது.) தன் விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டார். அந்தக் கைகளால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் செய்தார் என்பதை எத்தனை முறை படித்தாலும் நம்ப முடியவில்லை.

1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். ஊர் ஊராக கண் முகாம்கள் நடத்தினார். 58 வயதில் அரசு வேலையில் ஓய்வு. மற்றவர்கள் சாய்வு நாற்காலி வாங்கும் வயதில், 1976-இல், தம்பி தங்கைகளைச் சேர்த்துக்கொண்டு 11 கட்டில்களுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் உள்ளவர் கொடுப்பார், இல்லாதவருக்கு இலவசம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 2006 ஜூலை 7 அன்று மதுரையில் காலமானார்.

அவர் காலத்துப் பெரிய எதிரி கண்புரை. புரை முற்றிப் பார்வை போனாலும், ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். சர்க்கரை நோய் கண்ணில் செய்வது அப்படியல்ல. விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்கள் புடைக்கும், கசியும், பிறகு தேவையில்லாத புதுக் குழாய்கள் முளைத்து உடைந்து ரத்தம் கொட்டும். வலி கிடையாது. ஆரம்பத்தில் பேப்பர் நன்றாகவே படிக்கலாம். மங்கலாகத் தெரியும்போது பாதி சேதம் முடிந்திருக்கும். லேசரும் ஊசியும் மேலும் கெடாமல் தடுக்கும், ஆனால் போனதை முழுதாக மீட்பது கடினம். நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் தேடிப் போகும் அவருடைய முகாம் வழிதான் இதற்கும் பொருந்துகிறது.

அவர் தங்கை கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி விழித்திரை நிபுணர். அங்கே இந்தப் பணியை வளர்த்தவர். கத்தி வைக்காமல் ரத்தக் குழாயை நேரே பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. கேமரா முன் தாடையை வைத்தால் சில நிமிடங்களில் படம் வந்துவிடும். கிராமத்து மையத்தில் எடுத்த படத்தை நகரத்து டாக்டர் பார்த்துச் சொல்கிறார். 2016-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் இப்படங்களைப் படிக்கக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்த முடிவை வெளியிட்டார்கள். அதற்குப் பயன்பட்ட படங்களில் அரவிந்த், சங்கர நேத்ராலயா நோயாளிகளின் படங்களும் உண்டு.

சுகர் உள்ளவர்கள் வருடம் ஒருமுறை இந்தப் படம் எடுக்க வேண்டும். எழும்பூர் போகிறவர்கள் பைக் எடுத்துப் போக வேண்டாம். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும். ரயிலே நல்லது.