ஊசிமுனை கண்ட இராபர்ட் ஹூக்

ஹூக் விதியை நம் மாணவர்கள் பள்ளியிலேயே படித்திருப்பர். அவ்விதிக்கு உரியவரின் வாழ்வை அறிந்தோர் மிகச் சிலரே. தமிழ்த்துறை மலரில் இயற்பியலறிஞர் ஒருவருக்கு இடம் எதற்கு என வினவுவோர், கட்டுரையைப் படித்து முடித்தபின் நம்மைக் கேட்கலாம்.

இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த வைட் தீவில் 1635ஆம் ஆண்டு பிறந்தார் இராபர்ட் ஹூக். நோய் மிகுந்த இளமை. 13ஆம் வயதில் தந்தையை இழந்தார். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் பயின்று ஆக்ஸ்போர்டை அடைந்தார். அங்கு இராபர்ட் பாயிலின் உதவியாளராகி, அவர்தம் ஆய்வுக்குரிய காற்றுப் பம்பை அமைத்தளித்தார். அக்கைத்திறனே 1662இல் இராயல் சொசைட்டியின் ஆய்வுப் பொறுப்பாளர் பதவியைப் பெற்றுத் தந்தது. கூட்டந்தோறும் ஆய்வுகளைச் செய்து காட்டுதல் அவர் கடமை.

1665இல் வெளிவந்த மைக்ரோகிராபியா அவர் புகழை நிலைநாட்டியது. நுண்ணோக்கியின்கீழ் அவர் முதலில் விவரிப்பது ஊசியின் முனை! கூர்மைக்கு நாம் உவமை காட்டும் அம்முனை, மழுங்கியும் மேடுபள்ளங்கள் நிறைந்தும் தோன்றியது. தெள்ளுப்பூச்சி, பேன், பூஞ்சணம் எனப் பலவற்றை அவரே வரைந்தார். தக்கையின் மெல்லிய சீவலில் தேனடை போன்ற கண்ணறைகளைக் கண்டு, சிற்றறை எனப் பொருள்படும் சொல்லால் அவற்றைக் குறித்தார். நாம் இன்று செல் என்றும் உயிரணு என்றும் வழங்குவதன் தோற்றம் அதுவே.

பொருள் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு விசை அதில் எழும் என்னும் உண்மையைக் கண்டவர், பிறர் கவர்ந்துகொள்வரோ என அஞ்சினார். நான்கு சொற்களாலான இலத்தீன் தொடரின் 14 எழுத்துகளையும் அகர வரிசையில் கலைத்து 1676இல் அச்சிட்டார். விடையை 1678இல் வெளியிட்டார். நம் சித்திரகவிப் புலவர்கள் சொல்லின்பத்திற்காகச் செய்ததை, இவர் உரிமையைக் காக்கச் செய்தார்.

அவ்விதியின் பயன் சுருள்வில்லோடு நிற்கவில்லை. 1986இல் பின்னிக், குவேட், கெர்பர் ஆகிய மூவர் அணுவிசை நுண்ணோக்கியை உருவாக்கினர். இதற்குக் கண்ணாடி வில்லையோ ஒளியோ கொண்டு உருவத்தைப் பெருக்கும் தேவை இல்லை. ஒருபுறம் மட்டும் பொருத்தப்பட்ட நுண்ணிய பட்டையின் நுனியில், சில நானோமீட்டர் அளவே கூர்மையுள்ள ஊசி ஒன்று உண்டு. பார்வையற்றோர் விரலால் எழுத்தைத் தடவிப் படிப்பதுபோல் அது பரப்பை வருடிச் செல்லும். மேடுபள்ளத்திற்கேற்பப் பட்டை வளையும். வளைவின் அளவைச் சுருள் மாறிலியால் பெருக்கினால் விசை கிடைக்கும். இது ஹூக் விதியன்றி வேறில்லை. வெற்றிடமோ சாயமோ வேண்டாமையால், நீர்மத்திலுள்ள உயிருள்ள செல்லையும் ஆராயலாம். அதன் விறைப்பையும் அளக்கலாம். புற்றுநோய்ச் செல்கள் பல, இயல்பான செல்களினும் மென்மையானவை என இவ்வாறு கண்டுள்ளனர். ஹூக் பெயரிட்ட செல்லை, ஹூக்கின் விதியே தொட்டு அளக்கிறது.

அவர் வாழ்வின் பிற்பகுதி கசப்பானது. 1666இல் இலண்டன் தீக்கிரையானபின் நகரை அளந்து மீட்டெழுப்புவதில் ஓய்வின்றி உழைத்தார். ஒளி பற்றி 1672இல் நியூட்டனோடு மூண்ட பூசல், ஈர்ப்பு விதியில் முற்றியது. தொலைவின் இருமடிக்கேற்ப ஈர்ப்பு குறையும் என்னும் கருத்து தமதே என்றார் ஹூக். கருத்தை அவர் முன்வைத்தது உண்மை. கணித நிறுவலைத் தந்தவர் நியூட்டனே. உரிய நன்றியைச் சொல்ல நியூட்டனுக்கும் மனமில்லை, உரியதற்கு மேல் கோராதிருக்க ஹூக்குக்கும் மனமில்லை என்பதே நம் கருத்து.

1703 மார்ச்சில் ஹூக் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில் நியூட்டன் இராயல் சொசைட்டியின் தலைவரானார். ஹூக்கின் உருவப்படத்தை அவரே அழித்தார் என்போர் உளர், அதற்குச் சான்றில்லை. தெள்ளுப்பூச்சியின் மயிரையும் விடாது வரைந்த அம்மனிதரின் முகம் எப்படி இருந்தது என்பதற்கு, ஐயமற்ற படம் ஒன்றுகூட இன்று இல்லை. அடக்கம் செய்யப்பட்ட இலண்டன் தேவாலயத்திலிருந்து அவருடைய எலும்புகளும் பிற்காலத்தில் அகற்றப்பட்டு, இடம் தெரியாமற் போயின.