ஜார்ஜ் பூல்

ஜார்ஜ் பூல் 1815ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் இங்கிலாந்து நாட்டின் லிங்கன் நகரில் பிறந்தார். அவர் தந்தை காலணி தைப்பவர். தொலைநோக்கி செய்வதில் பெருவிருப்பம் கொண்டவர். தொழில் நலிந்தமையால், பூல் பதினாறாம் வயதிலேயே ஆசிரியப் பணி ஏற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். பல்கலைக்கழகக் கல்வி அவருக்குக் கிட்டவில்லை. பிற மொழிகளையும் உயர்கணிதத்தையும் தம் முயற்சியால் கற்றார். 1849இல் அயர்லாந்தின் கார்க் நகரக் கல்லூரி, பட்டம் பெறாத அவரைக் கணிதப் பேராசிரியராக அமர்த்தியது.

எண்களுக்கு விதிகள் இருப்பதுபோல் சிந்தனைக்கும் உண்டா என அவர் ஆராய்ந்தார். ஒரு மந்தையில் வெள்ளாடுகளைத் தனியே பிரித்தபின், அவற்றுள் வெள்ளாடுகளை மீண்டும் பிரித்தாலும் அதே ஆடுகளே எஞ்சும். அதுபோலத் தன்னால் தன்னையே பெருக்கினாலும் மாறாத எண்கள் 0, 1 ஆகிய இரண்டே. 1 என்பதை மெய் என்றும் 0 என்பதைப் பொய் என்றும் கொண்டு, தருக்கத்தைக் கணிதமாக்கினார். இக்கருத்துகளை விரிக்கும் நூலை 1854இல் வெளியிட்டார்.

1864ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள், கொட்டும் மழையில் நடந்து கல்லூரிக்குச் சென்று, நனைந்த உடையுடனேயே பாடம் நடத்தினார். அதனால் நோயுற்று, டிசம்பர் 8ஆம் நாள் தம் 49ஆம் வயதில் மறைந்தார்.

1937இல் அமெரிக்கரான கிளாட் ஷானன், மின்சுற்றுகளின் சுவிட்சுகளுக்கும் பூலின் கணிதம் பொருந்தும் எனக் காட்டினார். சுவிட்சு மூடினால் 1, திறந்தால் 0. கணினி அவ்வழியில் வளர்ந்தது.

இன்று கணினி மொழிகளில் 'உம்', 'அல்லது', 'அன்று' எனும் பொருள் தரும் செயற்குறிகள் உள்ளன. 'மழையும் காற்றும் உண்டு' என்பது இரண்டும் இருந்தால்தான் மெய். 'மழை அல்லது காற்று உண்டு' என்பது ஒன்று இருந்தாலும் மெய். 'அன்று' மெய்யைப் பொய்யாகவும் பொய்யை மெய்யாகவும் மாற்றும்.

தருக்கச் செயற்குறி முழு மதிப்பையும் நோக்கி மெய் அல்லது பொய் என ஒரே விடை தரும். பிட்நிலைச் செயற்குறியோ எண்களை இரும வடிவில் வைத்து, ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே ஒப்பிடும். 12 என்பது 1100. 10 என்பது 1010. 'உம்' எனும் பிட்நிலைச் செயற்குறி, இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டுமே 1 இடும். விடை 1000, அதாவது 8. 'அல்லது' எனில் 1110, அதாவது 14. தருக்கச் செயற்குறியாகிய 'உம்' இட்டாலோ, இரண்டும் சுழியம் அல்லாமையால் சி மொழியில் விடை 1, அதாவது மெய்.

காலணி தைத்தவரின் மகன் கண்ட இரண்டு எண்களே இன்றும் ஒவ்வொரு கணினியிலும் இயங்குகின்றன.

பயிற்சி

1. பூல் இளமையிலேயே ஆசிரியப் பணி ஏற்றது ஏன்?
2. 6 (110), 3 (011) ஆகியவற்றைப் பிட்நிலை 'உம்', 'அல்லது' கொண்டு இணைத்து விடை காண்க.
3. எண்ணும்மை அமைந்த தொடர் ஒன்றைப் பாடத்திலிருந்து எடுத்தெழுதுக.