குவாடல்கனால் வீரர் ஜேக்கப் வூசா

போர் என்றதும் படைத் தலைவர்களின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. திட்டம் தீட்டியவர்களையும் வெற்றி விழாவில் அணிவகுத்து வந்தவர்களையும் வரலாறு மறப்பதில்லை. ஆனால் யாருடைய மண்ணில் போர் நடந்ததோ, அந்த மண்ணின் மைந்தர்களைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகக் குறைவு. அத்தகையோருள் உலகப் புகழ் பெற்ற ஒருவர் சாலமன் தீவுகளைச் சேர்ந்த ஜேக்கப் வூசா ஆவார்.

ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே, பசிபிக் பெருங்கடலில் சிதறிக் கிடப்பவை சாலமன் தீவுகள். அவற்றுள் ஒன்று குவாடல்கனால். தூரத்திலிருந்து நோக்கினால் பச்சைப் பட்டு விரித்தாற்போலத் தோன்றும். உள்ளே நுழைந்தாலோ சேறும், கொசுவும், முதலைகள் நிறைந்த ஓடைகளும், ஆளையே அறுக்கும் கோரைப்புல்லும்தான்! இத்தீவின் தாசிம்போகோ பகுதியில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தார் வூசா. கிறித்தவ மிஷன் பள்ளியில் கல்வி கற்றபின், 1916-இல் ஆங்கிலேயர் ஆட்சியின் ஆயுதக் காவற்படையில் சேர்ந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி, சார்ஜெண்ட் மேஜராக 1941-இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வு நீடிக்கவில்லை. 1942-இல் ஜப்பானியப் படைகள் சாலமன் தீவுகளைக் கைப்பற்றிக் குவாடல்கனாலில் விமானத்தளம் ஒன்றை அமைக்கத் தொடங்கின. ஆங்கிலேய மாவட்ட அதிகாரி மார்ட்டின் கிளெமன்ஸ் மலைக்காட்டில் மறைந்திருந்து, எதிரியின் நடமாட்டத்தை வானொலி வழியே தெரிவித்து வந்தார். வூசா தாமாகவே முன்வந்து அவருடன் சேர்ந்துகொண்டார்.

1942 ஆகஸ்டு 7-ஆம் நாள் அமெரிக்க மரைன் படையினர் தீவில் இறங்கினர். அன்றே, சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானி ஒருவரை வூசா காப்பாற்றி, பாதுகாப்பாக அவர்களிடம் கொண்டு சேர்த்தார். பின்னர் அப்படையினருக்கே ஒற்றராகவும் வழிகாட்டியாகவும் ஆனார்.

ஆகஸ்டு 20-ஆம் நாள், வேவு பார்க்கச் சென்ற வூசா, கர்னல் இச்சிகியின் படையினரிடம் அகப்பட்டுக்கொண்டார். அவர் ஆடையில் மறைத்து வைத்திருந்த சிறிய அமெரிக்கக் கொடி அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டது. மரத்தில் கட்டிவைத்து, அமெரிக்கர் இருக்குமிடத்தையும் பலத்தையும் கேட்டனர். வூசா வாய் திறக்கவில்லை. துப்பாக்கியின் அடிக்கட்டையால் அடித்தனர். அப்போதும் வாய் திறக்கவில்லை. துப்பாக்கி முனைக் கத்தியால் கைகளிலும், தோளிலும், முகத்திலும், வயிற்றிலும், கழுத்திலும் குத்தினர். இறந்துவிடுவார் என்று எண்ணி அப்படியே விட்டுச் சென்றனர்.

ஆனால் அவர் இறக்கவில்லை. கட்டியிருந்த கயிற்றைப் பல்லாலேயே கடித்து அறுத்தார். இரத்தம் ஒழுக ஒழுக, இருண்ட காட்டினூடே பல மைல் தூரம் நடந்தும் தவழ்ந்தும் அமெரிக்கர் காவல் எல்லையை அடைந்தார். மருத்துவம் கேட்பதற்கு முன், எதிரிப்படை நெருங்கி வருவதையும் அதன் அளவையும் ஆயுதங்களையும் சொன்னார். பிழைக்கமாட்டோம் என்று கருதியதால், மனைவி மக்களுக்குரிய கடைசிச் செய்தியையும் கிளெமன்ஸ் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

சிறிது நேரத்திற்கெல்லாம் போர் மூண்டது. ஓடையின் மணல்திட்டைக் கடந்து பாய்ந்து வந்த ஜப்பானியர்கள் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு இரையாயினர். மறுநாள் மாலைக்குள் ஏறத்தாழ 900 பேர் கொண்ட அப்படையில் சுமார் 800 பேர் மாண்டனர். அமெரிக்கர் தரப்பில் இறந்தோர் நாற்பதுக்குச் சற்று அதிகம். காயமுற்றுக் கிடந்த ஜப்பானியர் சிலர், உதவ வந்தவர்களையே சுட்டனர். அதன்பின் அமெரிக்கரும் இரக்கத்தை மறந்தனர். வீழ்ந்து கிடந்தோர் மீதும் குண்டுகள் பாய்ந்தன. டாங்கிகள் ஏறிச் சென்றன. மனிதன் விலங்கினும் கீழாகிவிடும் இடம் போர்க்களம் அன்றோ?

இந்தக் கொடுமை 1943 பிப்ரவரி வரை நீடித்தது. உணவுக் கப்பல்கள் வராத நாட்களில் மரைன் படையினர், எதிரி விட்டுச் சென்ற அரிசியை உண்டு காலந்தள்ளினர். குண்டுபட்டு வீழ்ந்தோரைவிட மலேரியாவால் படுத்தோரே அதிகம். ஜப்பானியர் நிலையோ இன்னும் பரிதாபம். புல்லையும் வேரையும் தின்று உயிர் வாழ முயன்று, ஆயிரக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். குவாடல்கனாலைப் பட்டினித் தீவு என்றே அவர்கள் அழைத்தனர். அத்தீவில் மாண்ட ஜப்பானியர் 20,000 பேருக்கும் மேல்.

பன்னிரண்டு நாட்கள் மருத்துவமனையில் கிடந்து எழுந்த வூசா, வீட்டுக்குப் போகவில்லை. மீண்டும் காட்டுக்கே சென்றார். அவ்வாண்டு நவம்பரில், கார்ல்சன் தலைமையில் ஒரு மாத காலம் எதிரியின் பின்புறமாகச் சுற்றி வந்த படைக்கு வழிகாட்டினார். வரைபடம் உதவாத காட்டில் அவருடைய கண்ணும் காலுமே வரைபடமாயின.

பிரிட்டன் ஜார்ஜ் பதக்கமும், அமெரிக்கா வெள்ளி நட்சத்திரப் பதக்கமும் அளித்து அவரைப் பெருமைப்படுத்தின. எனினும் பதக்கங்களோடு அவர் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. 1949-இல் மாவட்டத் தலைவராகி, பின் குவாடல்கனால் மன்றத்தின் தலைவராகவும் பணியாற்றினார். 1968-இல் பழைய போர்த்தோழர்களின் அழைப்பை ஏற்று அமெரிக்கா சென்று வந்தார். 1978-இல் தம் நாடு விடுதலை பெற்றதைக் கண்ணாரக் கண்டார். மறு ஆண்டே சர் பட்டம் பெற்றார். 1984 மார்ச் 15-ஆம் நாள் இயற்கை எய்தினார். தலைநகர் ஹோனியாராவில் காவல்துறைத் தலைமையகத்தின் முன் அவரது சிலை இன்றும் நிற்கிறது.

இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. குவாடல்கனால் போரை வூசாவோ அவர் மக்களோ தொடங்கவில்லை. இரு வல்லரசுகள் தங்கள் பகையை அவர்கள் வாசலுக்குக் கொண்டுவந்தன. விளைநிலம் பாழாயிற்று, ஊர்கள் காலியாயின. அந்நிலையிலும், கொடுத்த வாக்கை உயிரினும் பெரிதாக மதித்தார் ஒரு முன்னாள் காவலர். கொல்வதில் அன்று, தாங்குவதில் விளங்கியது அவரது வீரம். போரைப் போற்றாமலே அந்த வீரத்தைப் போற்ற நாம் கற்றுக்கொள்வோமாக.