கணக்கு வாத்தியார் ஆரம்பிச்ச கருத்தடை கிளினிக்!

லண்டனில் 1921-ல் மேரி ஸ்டோப்ஸ் கருத்தடை கிளினிக் தொடங்கினார். அதே வருஷம் நம்ம பம்பாயிலும் ஒருத்தர் அப்படியொரு கிளினிக் திறந்தார். இந்தியாவில் அதுதான் முதல். திறந்தவர் டாக்டர் இல்லை. வில்சன் கல்லூரியின் கணக்குப் பேராசிரியர் ரகுநாத் தோண்டோ கார்வே.

1882-ல் பிறந்த கார்வேக்கு ஒன்பது வயசு இருக்கும்போது, அம்மா ராதாபாய் பிரசவத்தில் இறந்துபோனார். அப்பா தோண்டோ கேசவ் கார்வே, விதவை மறுமணத்துக்காகப் போராடியவர். 1916-ல் பெண்களுக்கென்றே பல்கலைக்கழகம் தொடங்கியவர். மகன் இன்னும் ஒருபடி மேலே போனார். பெண்ணின் உடம்பு அவளோட உரிமை என்றார்.

அதுக்கு அவர் கொடுத்த விலை பெரிசு. இந்த வேலையை விடு, இல்லைன்னா கல்லூரியை விடு என்றார்கள். கல்லூரியை விட்டார். மனைவி மாலதியின் சம்பாத்தியத்தில்தான் குடும்பம் ஓடியது. 1927-ல் ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்ற மராத்தி மாத இதழை ஆரம்பித்தார். ஆபாசம்னு வழக்கு போட்டு அபராதம் விதித்தார்கள். 1934-ல் மறுபடி வழக்கு. இந்தமுறை அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர்! அப்பவும் தோல்விதான். ஆனா, 1953-ல் சாகும்வரை இதழை நிறுத்தவே இல்லை.

அவர் இறப்பதற்கு முந்தைய வருஷம்தான் அரசே குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைக் கையில் எடுத்தது. இன்னைக்குக் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போற அக்கா, அரசு ஆஸ்பத்திரியில் காப்பர்-டி இலவசமா போட்டுக்கலாம். கருத்தடைக்காகக் குரல் கொடுத்த ஒருத்தர், அன்னைக்குத் தன் இதழுக்காகக் கோர்ட் படி ஏறினார்!