பூமியை அளந்த லாம்ப்டன் துரை

பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் நின்று மேற்கே பாருங்கள். வயல் தெரியும், தென்னை தெரியும், வெள்ளாறு தெரியும். குன்று என்று ஒன்று கிடையாது. இன்று கம்ப்யூட்டரில் வரைகிற தேசப்படத்திலும் நம் பக்கம் மெழுகிவிட்ட தரை போலத்தான் இருக்கும். ஆனால் மேற்கே போகப் போக, கல்வராயன் மலை கையால் தொடலாம் போலப் புடைத்து நிற்கும்.

அந்தப் புடைப்பு வெறும் நிழல்தான். ஒவ்வோர் இடத்தின் உயரத்தையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். வடமேற்கு மூலையில் ஒரு விளக்கு எரிவதாக அது கணக்குப் போடுகிறது. விளக்கைப் பார்த்த சரிவுக்கு வெளிச்சம். மறு சரிவுக்கு இருட்டு. அதற்கு வேண்டிய உயரங்களை 2000-ஆம் ஆண்டில் ஒரு விண்வெளி ஓடம் பதினொரு நாளில், உலகின் பெரும் பகுதிக்கு அளந்து தந்தது.

விண்வெளி ஓடம் இல்லாத காலத்தில் கால்நடையாகவே இந்தியாவை அளக்கத் தொடங்கியவர் வில்லியம் லாம்ப்டன்.

இங்கிலாந்தில் யார்க்ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்கா போனார். சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்து ஒரு கண்ணைக் கெடுத்துக்கொண்டார். அங்கே பல ஆண்டுகள் சிறிய உத்தியோகம். கிடைத்த நேரத்தில் கணிதப் புத்தகங்களைப் படித்தார். இந்தியாவுக்கு வந்தபோது நாற்பது வயது தாண்டிவிட்டது.

1799-இல் மைசூர்ப் போர். ஓர் இரவு படை தெற்கே போவதாக நினைத்து வடக்கே, திப்புவின் ஆட்கள் இருந்த பக்கமாக நடந்துகொண்டிருந்தது. நட்சத்திரங்களைப் பார்த்து லாம்ப்டன் அதைக் கண்டுபிடித்தார். தளபதி முதலில் நம்பவில்லை. திசைகாட்டியைப் பார்த்த பிறகுதான் படை திரும்பியது.

நாட்டைச் சரியாக அளந்து படம் போட வேண்டும் என்று லாம்ப்டன் கும்பெனியிடம் கேட்டார். கும்பெனிக்கு அதனால் லாபம் இருந்தது. படம் இருந்தால் படை நடத்தலாம், வரி வாங்கலாம். லாம்ப்டனுக்கோ பூமியின் உருவத்தை அறிய வேண்டும் என்ற ஆசை.

1802 ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னைப் பறங்கிமலை அருகே வேலை தொடங்கியது. நூறு அடி இரும்புச் சங்கிலியை நானூறு முறை நீட்டி, ஏழரை மைல் நேர்கோடு அளந்தார்கள். வெயிலில் இரும்பு நீளுமே! அதற்காகச் சங்கிலியை மரப் பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானி வைத்துக் கணக்குப் பார்த்தார்கள்.

பிறகு சங்கிலி வேண்டாம். கோட்டின் இரு முனையிலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால், முக்கோணத்தின் மற்றப் பக்கங்கள் கணக்கில் வந்துவிடும். குன்றின் உச்சியை நிமிர்ந்து பார்க்கும் கோணம் தெரிந்தால் அதன் உயரமும் வந்துவிடும். இப்படி முக்கோணத்தின் மேல் முக்கோணமாகத் தெற்கே வந்து கெடிலம் கரைக்கு அருகே, கடலூரை அடுத்த திருவந்திபுரத்தை அடைந்தார். பரங்கிப்பேட்டைக்கு அது தூரமில்லை. அங்கேயும் சென்னைக்கு வடக்கே ஓரிடத்திலும் நட்சத்திரங்களைப் பார்த்து, பூமியின் வளைவில் ஏறக்குறைய ஒன்றரைப் பாகையை அளந்தார். அவர் இந்தியாவில் அளந்த முதல் வளைவின் தெற்கு முனை நம் திருவந்திபுரம்தான்!

கோணம் பார்க்கும் கருவி அரை டன் எடை. அதைத் தூக்கிக்கொண்டு மலையேறியவர்கள் நம் நாட்டுக் கூலிகள். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

1808-இல் தஞ்சாவூருக்கு வந்தார். காவிரிச் சமவெளியில் ஏறுவதற்கு மலை ஏது? ஆகவே பெரிய கோயிலின் மேல் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. பாகை குறித்த பெரிய வட்டம் நசுங்கிக் கோணலாயிற்று. இன்னொன்று வாங்க வேண்டுமென்றால் கப்பலில் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும்.

லாம்ப்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. பலகையில் அதே அளவு வட்டம் வெட்டி, ஆப்பும் திருகாணியும் கப்பியும் கொண்டு, நசுங்கிய இடத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்து நிமிர்த்தினார். ஆறு வாரம் ஆயிற்று. கருவி மறுபடி வேலை செய்தது!

சென்னையிலிருந்து மங்களூர் வரை பழைய படங்கள் நானூறு மைல் என்று காட்டின. லாம்ப்டன் அளந்தபோது முந்நூற்று அறுபதுதான் வந்தது. நாற்பது மைல் நிலம் படத்திலிருந்து காணாமல் போயிற்று!

அளந்தபடியே வடக்கே போனார். எழுபது வயதை எட்டியும் கூடாரத்தை விடவில்லை. 1823 ஜனவரி 20-ஆம் தேதி, நாகபுரிக்குப் போகும் வழியில், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட் என்ற ஊரில் இறந்தார். அளவை வேலையை அவருடைய உதவியாளர் எவரெஸ்ட் தொடர்ந்தார். இமயத்தின் உச்சிக்குப் பின்னர் எவரெஸ்ட்டின் பெயரையே வைத்தார்கள். லாம்ப்டனின் கல்லறை ஹிங்கன்காட்டிலேயே இருக்கிறது.