‘தியான்’ என்றாலே கவனம்தான்: பந்தைப் பார்க்காமலே கோல் போட்ட தியான் சந்த் கதை

தருமபுரி, அரூர், பென்னாகரம், பாலக்கோடு... எந்த ஊர் பள்ளி மைதானத்துக்குப் போனாலும் சாயங்கால நேரத்தில் ஒரு குரல் கேட்கும். கழுத்தில் விசில் மாட்டிய பி.டி. சார் கோட்டுக்கு வெளியே நின்று, கவனமாக ஆடச் சொல்லி சத்தம் போட்டுக்கொண்டிருப்பார். பசங்களும் தலையாட்டுவார்கள். அடுத்த நிமிடமே பந்து கைமாறிவிடும். சாருக்குக் கோபம் வரும்.

ஆனால், கவனமாக ஆடுவது என்றால் சரியாக என்ன செய்யணும்? பந்தையே முறைத்துப் பார்க்கணுமா? பல்லைக் கடித்துக்கொண்டு ஓடணுமா? இதை யாரும் அந்தப் பசங்களுக்கு விளக்கிச் சொல்வதில்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் தேட நல்ல இடம் ஒருவருடைய வாழ்க்கை. அவர் பிறந்த ஆகஸ்ட் 29-ம் தேதியைத்தான் தேசிய விளையாட்டு தினமாகக் கொண்டாடுகிறோம். அவர் மேஜர் தியான் சந்த். தமிழில் தயான் சந்த் என்றும் எழுதுவார்கள். இந்தியில் ‘தியான்’ என்றால் கவனம். நம்முடைய தியானமும் அதே சொல்தான்.

ஹாக்கியே ஆடாத சிறுவன்

1905-ல் அலகாபாத்தில் பிறந்தவர் தியான் சிங். அப்பா சமேஷ்வர் சிங் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தார். அடிக்கடி இடமாற்றம். அதனால் பையனின் படிப்பு ஆறு வருடத்தோடு நின்றுபோனது. குடும்பம் கடைசியில் ஜான்சியில் குடியேறியது.

சின்ன வயதில் அவருக்குப் பிடித்தது மல்யுத்தம். ராணுவத்தில் சேரும் வரை சொல்லிக்கொள்ளும்படி ஹாக்கி ஆடியதில்லை என்று பின்னாளில் அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆக, பிறவி மேதை என்ற பேச்சை இங்கேயே ஓரமாக வைத்துவிடலாம்.

1922-ல் சாதாரண சிப்பாயாக ராணுவத்தில் சேர்ந்தார். அங்கே சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பவர் அவருக்கு ஹாக்கியின் ஆரம்பப் பாடங்களைக் கற்றுக்கொடுத்தார். பகலில் டியூட்டி. மைதானத்தில் மின்விளக்கு கிடையாது. டியூட்டி முடிந்ததும் நிலா வெளிச்சத்தில் மட்டையையும் பந்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். நிலவை இந்தியில் ‘சந்த்’ என்பார்கள். தியான் சிங், தியான் சந்த் ஆனது இப்படித்தான் என்று சொல்லப்படுகிறது.

அரைகுறை நிலா வெளிச்சத்தில் பந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மட்டையில் படும் அதிர்வையும் சத்தத்தையும் வைத்துத்தான் பந்து எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ளணும். அப்படிப் பல இரவுகள் ஆடியவருக்குப் பந்தைக் கண்ணால் கட்டிப்போட வேண்டிய தேவையே குறைந்துபோகும். கண் வேறு வேலை பார்க்கலாம். அவருடைய ஆட்டத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும்.

கண் பார்த்த அந்த வேறு வேலை என்ன?

ஹாக்கியில் ஒரு பக்கம் 11 பேர். பந்து ஒரு இடத்தில்தான் இருக்கும். ஆனால் அடுத்த கோல் எங்கிருந்து வரப்போகிறது என்பதைத் தீர்மானிப்பது, பந்து இல்லாத இடங்களில் நிற்கும் ஆட்கள். புதிதாக ஆட வருபவரின் கண் பந்தை விட்டு நகராது. பந்து காலடிக்கு வந்த பிறகுதான் தலையைத் தூக்கி, யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடுவார். அதற்குள் எதிரணி ஆள் வந்து பறித்துவிடுவார்.

தியான் சந்த் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். பந்து வருவதற்கு முன்பே பார்த்து முடித்துவிடுவார். அவரோடு ஆடிய ஒலிம்பிக் வீரர் கேசவ் தத், தியான் சந்தின் உண்மையான திறமை கையில் இல்லை, தலையில்தான் இருந்தது என்று நினைவுகூர்ந்திருக்கிறார். செஸ் ஆடுபவர் பலகையைப் பார்ப்பதுபோல அவர் மைதானத்தைப் பார்ப்பாராம். தன் ஆட்கள் எங்கே, எதிராளிகள் எங்கே என்பது பார்க்காமலே அவருக்குத் தெரியும்.

இதற்கு ஒரு உதாரணம் உண்டு. 1947-48 கிழக்கு ஆப்பிரிக்கப் பயணம். தியான் சந்துக்கு வயது 42. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்ற கே.டி.சிங் பாபுவுக்குப் பந்தைத் தள்ளிவிட்டு, அது கோலாகிறதா என்றுகூடப் பார்க்காமல் திரும்பி நடந்துவிட்டாராம். பாஸ் சரியாகப் போயிருக்கிறது, இனி அது பாபுவின் வேலை. முடிந்த வேலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காததும் கவனத்தில் ஒரு பகுதிதான்.

இன்றைக்கு கால்பந்து பயிற்சியாளர்கள் இதே பழக்கத்தை ‘ஸ்கேனிங்’ என்ற பெயரில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பந்து தன்னிடம் வருவதற்கு முன் தோளுக்கு மேலாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வது. பெயர் புதுசு, விஷயம் பழசு.

நான்கு நிமிடம், மூன்று கோல்

கவனத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கு. நெருக்கடியில் மனசு எங்கே போகிறது என்பது.

ஜீலம் நகரில் நடந்த ஒரு ராணுவப் போட்டியின் இறுதி ஆட்டம். தியான் சந்தின் அணி இரண்டு கோல் பின்தங்கியிருந்தது. மீதி நான்கு நிமிடம். ஏதாவது செய்யச் சொல்லி அவருடைய உயரதிகாரி வெளியிலிருந்து குரல் கொடுத்தார். அந்த நான்கு நிமிடத்தில் மூன்று கோல் போட்டு ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார் தியான் சந்த். ‘ஹாக்கி மந்திரவாதி’ என்ற பட்டம் ஒட்டிக்கொள்ளக் காரணமான ஆட்டங்களில் இது ஒன்று.

இரண்டு கோல் பின்தங்கியிருக்கும்போது பெரும்பாலானவர்களின் மனசு ஸ்கோர்போர்டில் இருக்கும். நேரம் ஓடுதே என்ற பதற்றத்தில் கை இறுகிவிடும். அடுத்த பந்தை மட்டும் யோசிக்க முடிகிறவருக்கு நான்கு நிமிடம் என்பது நீண்ட நேரம்.

1926-ல் இந்திய ராணுவ அணி நியூசிலாந்து போனது. 21 ஆட்டங்களில் 18 வெற்றி, 2 டிரா, ஒரே ஒரு தோல்வி. திரும்பி வந்த சிப்பாய் தியான் சந்துக்கு லான்ஸ் நாயக் பதவி உயர்வு கிடைத்தது.

வழியனுப்ப வந்தது மூன்று பேர்

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு இந்திய ஹாக்கி அணி முதல்முறையாகக் கிளம்பியது. பம்பாய் துறைமுகத்தில் வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர். அங்கே ஐந்து ஆட்டங்களில் இந்தியா 29 கோல் போட்டது, ஒரு கோல்கூட வாங்கவில்லை. 14 கோல் தியான் சந்துடையது. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை 3-0 என வென்று தங்கத்தோடு திரும்பியபோது, அதே பம்பாய் துறைமுகத்தில் பெரும் கூட்டம்.

1932 லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவை 24-1 என்று தோற்கடித்தார்கள். தியான் சந்த் 8 கோல், தம்பி ரூப் சிங் 10 கோல். அமெரிக்காவுக்கு அந்த ஒரு கோல் எப்படிக் கிடைத்தது தெரியுமா? பந்து தன் பக்கமே வராததால் இந்திய கோல்கீப்பர் ரிச்சர்ட் ஆலன், ரசிகர்களுக்கு ஆட்டோகிராஃப் போடப் போய்விட்டாராம். எவ்வளவு பெரிய அணியாக இருந்தாலும் கவனம் போனால் கோல் விழும் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் கிடையாது.

பெர்லினில் தூங்காத இரவு

இப்போது 1936. கேப்டன் தியான் சந்த். ஒலிம்பிக் தொடங்கும் முன் ஜூலை 17-ல் ஜெர்மனியோடு ஒரு பயிற்சி ஆட்டம். இந்தியா 4-1 என்று தோற்றது. அந்த அதிர்ச்சியில் இரவு தூக்கமே வரவில்லை என்று பின்னாளில் எழுதினார் தியான் சந்த். எதற்கும் அசராத ஆள் என்று நாம் நினைக்கும் மனிதருக்கும் பயம் இருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது. பயத்தை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். குறை எங்கே என்று பார்த்தார்கள். முன்கள ஆட்டக்காரர் அலி தாராவை இந்தியாவிலிருந்து அவசரமாக வரவழைத்தார்கள்.

இறுதி ஆட்டத்தில் எதிரே மறுபடியும் அதே ஜெர்மனி. மழையால் ஒரு நாள் தள்ளிப்போய் ஆகஸ்ட் 15-ல் நடந்தது. களமிறங்கும் முன் உடைமாற்றும் அறையில் பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்து விரித்தார். வீரர்கள் அதற்கு வணக்கம் வைத்தார்கள். அதிகாரபூர்வமாக அவர்கள் ஆட வேண்டியது பிரிட்டிஷ் இந்தியக் கொடியின் கீழ். சுதந்திரத்துக்கு இன்னும் சரியாக 11 வருடம் இருந்தது.

மைதானம் ஈரம். இடைவேளையில் ஸ்கோர் 1-0 மட்டுமே. வழுக்கும் தரையில் ஓட முடியவில்லை என்று தியான் சந்த் ஆணி வைத்த ஷூவைக் கழற்றிவிட்டு இரண்டாம் பாதியை ஆடினார். கோல் மழை பொழிந்தது. நடுவில் ஜெர்மன் கோல்கீப்பரோடு மோதியதில் அவருக்கு ஒரு பல் போனது. முதலுதவி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தவர், பழிவாங்கும் வெறியோடு ஆடவில்லை. பந்தைக் கோல் வட்டம் வரை கொண்டுபோய், கோல் போடாமல் திருப்பிக் கொண்டுவரும்படி தன் அணியிடம் சொன்னார் என்பது இன்றும் பேசப்படும் கதை. கோபம் வந்தபோதும் மட்டை மூளையின் சொல்லைத்தான் கேட்டிருக்கிறது.

முடிவு 8-1. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கிய ஒரே கோல் அதுதான். மூன்று ஒலிம்பிக், 12 ஆட்டம், 12 வெற்றி, மூன்று தங்கம். இதுதான் தியான் சந்தின் ஒலிம்பிக் கணக்கு.

ஹிட்லர் அவருக்கு ஜெர்மன் ராணுவத்தில் பதவி தருவதாகக் கூப்பிட்ட கதை வாட்ஸ்அப்பில் வருடா வருடம் சுற்றும். அதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை. ஷூவைக் கழற்றிய கதையே போதும், அதில்தான் பாடம் இருக்கு.

நாடு கவனித்ததா?

அவருடைய சுயசரிதை ‘கோல்’ 1952-ல் வெளிவந்தது. வெளியிட்டது நம்ம சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ பத்திரிகை. 1956-ல் ராணுவத்திலிருந்து ஓய்வு, அதே வருடம் பத்ம பூஷண். பிறகு பாட்டியாலா தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார்.

கடைசிக் காலம் ஜான்சியில், பணக் கஷ்டத்தில் கழிந்தது. மகன் அசோக் குமார் அடித்த கோலில் இந்தியா 1975 உலகக் கோப்பையை ஜெயித்தது. அடுத்த வருடமே மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் இந்திய அணி ஏழாம் இடத்துக்கு இறங்கியது. இரண்டையும் அவர் பார்த்தார். 1979 டிசம்பர் 3-ல், டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் பொது வார்டில் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். ஜான்சியில் அவர் நேசித்த மைதானத்திலேயே உடல் எரியூட்டப்பட்டது. எட்டு மாதத்துக்குள் மாஸ்கோவில் நம்ம வி.பாஸ்கரன் தலைமையில் இந்தியா மறுபடி ஹாக்கி தங்கம் வாங்கியது. அதைப் பார்க்க அவர் இல்லை.

பிறகுதான் எல்லாம் வந்தது. டெல்லி தேசிய மைதானத்துக்கு அவர் பெயர், 2021-ல் கேல் ரத்னா விருதுக்கு அவர் பெயர். மூன்று பேர் வழியனுப்பிய 1928 மாதிரியேதான், தேவைப்பட்ட நேரத்தில் ஆள் இல்லை, பிறகு கூட்டம்.

நம்ம ஊர் மைதானத்துக்கு இதில் என்ன இருக்கு?

விலை உயர்ந்த ஸ்டிக்கோ செயற்கைப் புல்தரையோ இல்லாத பசங்களும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது மூன்று விஷயம்.

ஒன்று, கை வேலை பழக்கமாகும் வரை திரும்பத் திரும்பச் செய்யணும். கை தானாக வேலை செய்தால்தான் கண்ணுக்கு விடுதலை. கபடியில் கால் வைப்பதற்கும் வாலிபாலில் சர்வீஸ் எடுப்பதற்கும் இது பொருந்தும்.

இரண்டு, பந்து வரும் முன் இடதும் வலதும் ஒருமுறை பார்த்துக்கொள்ளணும். வந்த பிறகு பார்க்க நேரம் இருக்காது.

மூன்று, போன பந்தையும் ஸ்கோரையும் விட்டுவிடணும். ஷூ வழுக்கினால் ஷூவைக் கழற்றணும், வழுக்குதே என்று புலம்பிக்கொண்டே ஆடக் கூடாது.

வருகிற ஆகஸ்ட் 29-ல் பள்ளிகளில் உறுதிமொழி எடுப்பார்கள், ஓட்டப்பந்தயம் நடக்கும். அதோடு பி.டி. சார்கள் இன்னொன்றும் செய்யலாம். கவனமாக ஆடு என்று சொல்லும்போது, கண் எங்கே போகணும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம். ஆறு வருடம் மட்டுமே படித்த ஒரு சிப்பாய்க்கு அதைக் கற்றுக்கொடுக்க ஒரு சுபேதார் கிடைத்தார் என்பதிலிருந்துதான் இந்தக் கதையே தொடங்கியது.