பற்றைத் தரையில் காடு வளர்த்த டல்காஸ்



மலர்க்குழுவினர் இந்தமுறையும் ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். நாவலர், விபுலானந்த அடிகள், தனிநாயகம் அடிகள் எண்டு எங்கட பெரியார்களை எல்லாம் முந்தின மலர்களில் ஆராவது எழுதிவிட்டார்கள். ஆகவே நான் ஒரு வெள்ளைக்காரரை எடுத்திருக்கிறேன். அவர் காலமானது 1894ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் திகதி, அதாவது எங்கட சித்திரை வருசம் பிறந்து சில நாளில். டென்மார்க்கில் இருக்கிற எங்களில் கனபேருக்கு அவருடைய பெயர் பழக்கம், ஆளைத்தான் தெரியாது. ஹேர்னிங்கில் அவர் பெயரில் ஒரு தெரு. ஓகூஸில் ஒரு அவென்யூவும் சிலையும். யூலன்டில் வேறு ஊர்களிலும் அந்தப் பெயர்ப்பலகையைக் காணலாம். என்ரிக்கோ மைலியஸ் டல்காஸ்.

நான் அந்தப் பெயரை முதன்முதல் கேட்டது 1987ஆம் ஆண்டு நவம்பரில். வந்து ஒரு வருசமும் ஆகவில்லை. பாசை தெரியாது, கையில் குளிருக்கேற்ற சப்பாத்துக்கூட இல்லை. ஒரு முதலாளியிடம் நத்தார் மரம் வெட்டுகிற வேலை கிடைத்தது. காலமை இருட்டோடு போய் இருட்டோடு வருவோம். அந்தக் காட்டுக்குள் ஒரு விசயம் எனக்கு விளங்கவில்லை. மரங்கள் எல்லாம் நூல் பிடித்து நட்டதுபோல் வரிசை வரிசையாய் நிண்டன. எங்கட வன்னிக் காட்டில் இரண்டு மரம் நேராய் நிண்டு நான் கண்டதில்லை. எங்களோடு நிண்ட வயசான டெனிஷ்காரர் ஒருவர் கையாலும் சைகையாலும் விளங்கப்படுத்தினார். இது கடவுள் வைத்த காடு இல்லை, மனிதர் வைத்த காடு, தன்ர பாட்டனார் சின்னப்பிள்ளையாய் இருந்தபோது இஞ்சை கண்ணுக்கெட்டின தூரத்துக்கு ஒரு மரமும் இல்லை எண்டார். அதோடு டல்காஸ் எண்ட பெயரையும் சொன்னார். நான் அதை ஏதோ மரத்தின் பெயராக்கும் எண்டு நினைத்துக்கொண்டேன்!

மரத்துக்குப் பஞ்சமான நாடு டென்மார்க். 1800ஆம் ஆண்டளவில் நாட்டின் நிலத்தில் நூற்றுக்கு நாலு பங்குகூடக் காடு மிஞ்சியிருக்கவில்லை. கப்பலுக்கும் வீட்டுக்கும் விறகுக்கும் தறித்து, மிச்சத்தை மாடும் ஆடும் மேய்ந்து முடித்துவிட்டன. 1805இல் அரசன் ஒரு சட்டம் போட்டு, இருக்கிற காட்டுக்குள் கால்நடை விடக்கூடாது, காடு காடாகவே இருக்கவேணும் எண்டு கட்டளையிட்டபடியால்தான் மிச்சமாவது தப்பியது. யூலன்டின் நிலை இன்னும் மோசம். அதன் மேற்கும் நடுவும் ஹேட எனப்படும் பற்றைத் தரை. லிங் எண்ட முழங்கால் உயரப் பற்றை, மணல், காத்து. யூலன்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்படித்தான் கிடந்தது. 1759க்குப் பிறகு அரசன் ஜெர்மனியிலிருந்து குடியேற்றவாசிகளை வரவழைத்து இந்தத் தரையில் இருத்திப் பார்த்தான். கனபேர் தாங்கமாட்டாமல் போய்விட்டார்கள். மிஞ்சினவர்களை ஊர்ச்சனம் உருளைக்கிழங்கு ஜெர்மன்காரர் எண்டு பழித்தது. வந்தேறிக்குப் பட்டம் வைக்கிற வழக்கம் எங்கும் உள்ளதுதான்.

டல்காஸும் ஒரு வகையில் வந்தேறி. அவருடைய முன்னோர் பிரான்சின் ஹுகெனோ எனப்படும் புரட்டஸ்தாந்துச் சமூகத்தவர், மதத்தின் காரணமாக நாட்டைவிட்டு ஓடிய சனம். தகப்பனார் இத்தாலியின் நாப்போலி நகரில் வியாபாரி, டென்மார்க்கின் கொன்சல். அங்கேதான் 1828 யூலை 16இல் என்ரிக்கோ பிறந்தார். அதுதான் இத்தாலியப் பெயர். ஏழு வயசளவில் தகப்பனார் இறந்துபோக, குடும்பம் டென்மார்க்குக்கு வந்தது. வெயிலில் பிறந்த பிள்ளை இந்தக் குளிருக்குள் வந்து புதுசாய்த் தொடங்கினதை நினைத்துப் பாருங்கோ. அண்ணன் கார்லோ ஓவியர். 1848இல் தொடங்கிய மூன்றாண்டுப் போரில் அவரை இழந்தார்கள்.

என்ரிக்கோ இராணுவத்தில் சேர்ந்து அதிகாரியானார். பிறகு யூலன்டில் றோட்டுப் போடுகிற பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. ஓகூஸில் குடியிருந்துகொண்டு ஹேட முழுக்க வண்டியிலும் நடந்தும் திரிந்தார். றோட்டுக்கு மண் வெட்டுகிறவனுக்கு அடிமண் தெரியவரும். எந்த இடத்தில் மணல், எந்த இடத்தில் களி, தண்ணி எங்கே தேங்குது எண்டு அவர் பார்த்துவைத்தார். குடிசைகளுக்குள் போய்க் கமக்காரரோடு கதைத்தார். கந்தோரில் இருந்து வரைபடம் பார்த்த ஆள் இல்லை.

1864இல் பிரஷ்யாவோடும் ஒஸ்திரியாவோடும் நடந்த போரில் டென்மார்க் தோற்றது. ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன், லௌவன்பேர்க் எல்லாம் கைவிட்டுப் போயின. ஆட்சிக்கு உட்பட்டிருந்த நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. அந்தப் போரில் டல்காஸும் நிண்டவர். இப்படி ஒரு தோல்விக்குப் பிறகு சனத்தின் மனம் எப்படி இருக்கும் எண்டு இந்த மலரை வாசிக்கிற எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. வெளியே இழந்ததை உள்ளுக்குள் தேடவேணும் எண்ட எண்ணத்தை டல்காஸின் வாசகமாகவே சனம் சொல்லுவினம். உண்மையில் அது ஒரு கவிஞருடையது. ஆனால் செய்து காட்டினவர் இவர்தான்.

1866 மார்ச் 28இல் ஓகூஸில் டென்மார்க் ஹேட சங்கம் தொடங்கப்பட்டது. சட்டத்தரணி மோவில், நிலக்காரர் மூரியர்-பீட்டர்சன் ஆகியோர் அவருடன் நிண்டார்கள். அது அரசாங்கத் திணைக்களம் இல்லை, அங்கத்தவர்கள் சேர்ந்து நடத்திய சங்கம். அதனால்தான் ஒரு சங்க மலரில் இவரைப்பற்றி எழுதலாம் எண்டு துணிந்தேன். எங்கட சங்கத்தில் மண்டபக் காசு சேர்க்கவே நாங்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும்.

இனி அந்த மண்ணைப்பற்றிக் கொஞ்சம். மழைத்தண்ணி மணலில் இருக்கிற இரும்பையும் உக்கலையும் கீழே கொண்டுபோய், ஓரளவு ஆழத்தில் ஒரு படையாக இறுக்கிவிடும். இதை டெனிஷில் அல் எண்டு சொல்லுவார்கள். கல்லுமாதிரி. வேர் இறங்காது, தண்ணி வடியாது. எங்கட ஊரில் கலட்டிக் காணியை அலவாங்கு போட்டுக் கிண்டி, கல் பொறுக்கி, செம்மண் பறித்து, பூவரசங்குழை தாழ்த்துத் தறையாக்கின ஆக்களுக்கு இந்த வேலை விளங்கும். என்ர அப்பு அப்படித்தான் நாலு பரப்பைத் தோட்டமாக்கினவர். இஞ்சை அலவாங்குக்குப் பதில் ஆழ உழுகிற கலப்பை. செம்மண்ணுக்குப் பதில் மேர்கல் எண்ட சுண்ணாம்புக் களி. அது எங்கே கிடக்குது எண்டு தேடிக் கண்டுபிடித்துக் கமக்காரருக்குக் கிடைக்கச் செய்தது சங்கத்தின் பெரிய வேலைகளில் ஒண்டு. ஆறுகளிலிருந்து வாய்க்கால் வெட்டிப் புல்தரைகளுக்குத் தண்ணி பாய்ச்சினார்கள். கமக்காரர் கேட்டால் ஆலோசனை சொல்ல ஆள் அனுப்பினார்கள்.

ஆனால் காத்தை மறிக்காமல் ஒண்டும் முளையாது. அதற்கு மரம் வேணும். ஹேடயில் அங்கங்கே குட்டையாய், முறுகிப்போய் நிண்ட ஓக் பற்றைகளை டல்காஸ் பழைய காட்டின் மிச்சமாகக் கண்டார். ஆகவே மரம் வளரும் எண்டு நம்பினார். நோர்வே ஸ்புரூஸ் நட்டார்கள். இரண்டு மூன்று வருசம் பச்சையாய் நிண்டுவிட்டு, லிங் பற்றைக்குள் கண்டுகள் அப்படியே திகைத்து நிண்டன. சாகவும் இல்லை, வளரவும் இல்லை. அகதி முகாமில் பதிலுக்குக் காத்திருந்த எங்களைப்போல!

வழி காட்டினது அல்ப்ஸ் மலைப் பக்கத்துக் குட்டைப் பைன். அது எந்த மண்ணிலும் பிடிக்கும். அதற்குப் பக்கத்தில் நட்ட ஸ்புரூஸ் மட்டும் மளமளவெண்டு வளர்வதைக் கண்டார்கள். பைனின் நிழலில் லிங் செத்துப்போகும். வேரில் கூடி வாழுகிற பூஞ்சணங்களும் உதவுது எண்டு பின்னாளில் ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஸ்புரூஸ் நிமிர்ந்த பிறகு பைனை வெட்டிவிடவேணும், இல்லாவிட்டால் அது இதை நெருக்கிப்போடும். இதெல்லாம் டல்காஸ் ஒருவரே கண்டுபிடித்தது எண்டு சொன்னால் பிழை. காட்டுத்தொழில் தெரிந்த பலர் அதில் இருந்தார்கள். அவருடைய மகன் கிறிஸ்டியானும் பிறகு சங்கத்தை நடத்தினவர். இந்தக் கதை யப்பானுக்கும் போயிருக்கிறது. உச்சிமுறா கான்சோ எண்ட கிறிஸ்தவ அறிஞர் 1911இல் டல்காஸைப்பற்றி ஆற்றிய உரை அங்கே சிறு புத்தகமாய் வந்து பெயர்பெற்றது.

இருபத்தெட்டு வருசம் சங்கத்தை நடத்தி, 65 வயசில் ஓகூஸில் காலமானார்.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு, வழமைபோல மகளிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவ உயிரியல் படித்து இயற்கைப் பாதுகாப்பு வேலை செய்கிறா. வாசித்துவிட்டு, அப்பா, பாதிக் கதைதான் எழுதியிருக்கிறியள் எண்டா.

அவவின் கணக்கு வேறு. ஹேட வெறுந்தரை இல்லையாம். மூவாயிரம் வருசத்துக்கு மேலாய் மனிதர் எரித்தும், செம்மறி மேய்த்தும், புல்வேர்த் தட்டு வெட்டியும் உண்டாக்கின ஒரு உலகமாம். அதை நம்பியே வாழுகிற பூச்சியும் பறவையும் செடியும் உண்டு. இன்றைக்கு நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்குதான் ஹேட. ஊர்ஃபுல் எண்ட கறுப்புக் காட்டுக்கோழி 2000ஆம் ஆண்டளவில் டென்மார்க்கில் இல்லாமலே போய்விட்டது. காடு நூற்றுக்குப் பதினைந்துக்குக் கிட்ட வந்ததென்னவோ உண்மை. ஆனால் ஸ்புரூஸ் இந்த நாட்டு மரமே இல்லை, ஒரே வயசு, ஒரே இனம், அடியில் இருட்டு. 1999 டிசம்பர் 3இல் அடித்த புயலில் அந்த மரங்கள்தான் தீப்பெட்டிக் குச்சிபோல விழுந்தன. அந்த இரவு எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

ஷேன் ஆற்றையும் சொன்னா. 1960களில் இதே சங்கம் அந்த ஆற்றை நேராக்கிச் சதுப்பை வடித்து வயலாக்கியது. பிறகு 1999 தொடக்கம் 2002 வரை அரசாங்கமே கோடிக்கணக்கில் செலவழித்து ஆற்றை மறுபடி வளைத்துவிட்டது. இப்ப சல்மன் மீன் பெருகி இருக்குதாம். டல்காஸ் செத்து எழுபது வருசத்துக்குப் பிறகு நடந்ததுக்கு அவர் என்ன செய்வார் எண்டு கேட்டேன். எண்ணம் அவருடையதுதானே எண்டா.

நானும் விடவில்லை. பசி எண்டால் என்னவெண்டு தெரியாத ஆக்கள் பற்றையை வடிவு எண்டு சொல்லலாம், அந்தக் குடிசைக்குள் இருந்த சனத்தைக் கேட்டுப் பார் எண்டேன். கொஞ்ச நேரம் கோபமாய்த்தான் கதைத்தேன். பிறகு எனக்கு ஊர்க் காணி ஞாபகம் வந்தது. 1990இல் நாங்கள் விட்டோடின வலிகாமம் வடக்குக் காணி, பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்து விடுபட்ட பிறகு 2016இல் போய்ப் பார்த்தேன். அப்பு குழை தாழ்த்த நாலு பரப்பும் இப்பில் இப்பில் மரம் மூடி, கிணறு எங்கே எண்டு தெரியவில்லை. கூட வந்த மகள் கமராவை எடுத்துக் குருவியைப் படம் பிடித்தா. எத்தனை விதமான குருவி எண்டு அவவுக்குச் சந்தோசம். நான் கிணற்றைத் தேடினேன். அதை இந்தக் கட்டுரையில் எழுதுவேன் எண்டு நினைக்கவில்லை, எழுதியாச்சு.

ஒண்டில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். 1813இல் கடைசியாய்ச் சுடப்பட்ட ஓநாய், 2012இல் திரும்பவும் யூலன்டுக்கு வந்தது. 2017இல் மேற்கு யூலன்டில் குட்டியும் போட்டது. அந்தக் குட்டிகள் வளர்ந்த உல்ஃபூபோ பக்கம், வரிசையாய் நட்ட மரமும் பற்றையும் கலந்த இடம்தான். ஜெர்மனியில் இருந்து நடந்து வந்ததாம், ஒரு கடவுச்சீட்டும் இல்லாமல்.

2024 நவம்பரில் இஞ்சத்தை அரசியல்வாதிகள் கூடி, 2045க்குள் இன்னும் 2,50,000 ஹெக்டேயரில் காடு உண்டாக்குவதெண்டு உடன்பட்டிருக்கிறார்கள். இந்தமுறை வயலை எடுத்துக் காடாக்கப்போகிறார்கள். எந்த மரம், எந்த இடம், நடுவதா தானாய் முளைக்க விடுவதா எண்டு இப்பவே சண்டை. மகளின் கந்தோரிலும் அதுதான் கதை.

விபோவுக்கும் ஹோல்ஸ்டபுரோவுக்கும் இடையில் கொங்கன்ஸ்ஹூஸ் எண்டு ஒரு நினைவுப் பூங்கா இருக்கிறது. 1953இல் திறந்தது. ஹேடயைத் திருத்தின கமக்காரரின் பெயர்களைப் பெரிய பெரிய பாறைகளில் ஊர் ஊராய் வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். சுத்திவர மிஞ்சியிருக்கிற ஹேடயை அப்படியே பாதுகாக்கிறார்கள். அழித்தவர்களின் பெயரை நடுவில் வைத்து மிச்சத்தைக் காப்பாற்றுகிற வேலை எண்டு மகளுக்குச் சிரிப்பு.

வருகிற ஏப்ரல் 16இல் நாங்கள் அங்கே போகிறோம். புத்தாண்டுப் பூசை முடிந்து இரண்டாம் நாள்தானே. எங்கட வானில் நாலு பேருக்கு இடம் இருக்கு. சின்னப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, மகள் எல்லாம் காட்டுவா. லிங் பூக்கிறது ஆவணியில்தான், இப்ப கபில நிறமாய்த்தான் கிடக்கும். காத்து மட்டும் டல்காஸ் காலத்துக் காத்து, குல்லாவை மறக்க வேண்டாம்.